வாய்க்கால் மிஞ்சுகிறதா? படகுச் சவாரி நாட்குறிப்பு, திருகோணமலை

2025 ஜூலை 3, வியாழன்

உப்புவெளியில் ஃபைபர் வள்ளம் கட்டுபவர்களும் அவுட்போர்ட் மோட்டர் திருத்துபவர்களுமாக, கேளிக்கைப் பூங்காப் படகுச் சவாரிகளில் ஆசை கொண்ட சிலர் சேர்ந்து எழுதும் குறிப்பு இது. இந்தக் கிழமை பேச்சு முழுக்க ஃபுளோரிடாவைப் பற்றித்தான். அங்குள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் லிபர்ட்டி ஸ்குவெயர் ரிவர்போட் என்ற கப்பல் ஓடுவது 6ஆம் திகதி வரைதான். டொம் சோயர் தீவும், அதைச் சுற்றிய ரிவர்ஸ் ஒஃப் அமெரிக்கா ஆறும் அதே நாளில் மூடுகின்றன. பேசும் கார்கள் வரும் படத்தை வைத்து அந்த இடத்தில் புதிய பகுதி கட்டப்போகிறார்கள்.

“அது தண்டவாளத்தில் ஓடுற பொம்மைக் கப்பல்தானே அண்ணை” என்று ஒரு தம்பி கேட்டார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தண்ணீருக்கடியில் வழிகாட்டித் தண்டவாளம் இருப்பது உண்மை. மேலே நிற்கும் மாலுமி சுக்கான் திருப்புவதில்லை. ஆனால் கப்பலைத் தள்ளுவது உண்மையான நீராவி. கொதிகலனில் வரும் நீராவி இஞ்சினை இயக்க, இஞ்சின் பின்னாலுள்ள துடுப்புச் சக்கரத்தைச் சுற்றும். 1973இல் வேறொரு பெயருடன் வந்து, 1996இல் லிபர்ட்டி பெல் ஆன கப்பல் அது.

2025 ஜூலை 5, சனி

மாற்றம் என்றாலே கூடாது என்பவர்களுக்கு முதலில் மெய்ல்ஸ்ட்ரோமைக் காட்ட வேண்டும். ஃபுளோரிடாவில் டிஸ்னியின் இன்னொரு பூங்காவான எப்கொட்டின் நோர்வே மண்டபத்தில் 1988இல் திறந்த சவாரி. 2014 ஒக்டோபர் 5 கடைசி நாள். 2016 ஜூன் 21இல் அதே இடத்தில் ஃப்ரோஸன் படத்தை வைத்துச் செய்த ஃப்ரோஸன் எவர் ஆஃப்டர் திறந்தது. நோர்வே என்றால் எங்கள் பக்கத்து வள்ளக்காரருக்குக் நோர்வே உதவியுடன் தொடங்கிய காரைநகர் சீநோர் நிறுவனத்தின் ஃபைபர் வள்ளம்தான் நினைவுக்கு வரும். அதனால் இங்கே இந்தச் சவாரிக்குத் தனிப் பாசம் உண்டு. கற்பனை நாட்டு இளவரசிகளை நோர்வே மண்டபத்துக்குள் வைத்தது தவறு என்ற ரசிகர்களின் வாதம் நியாயமானது. உண்மை நாடு ஒன்றைக் காட்டக் கட்டிய இடம் அது.

ஆனால் சவாரியின் உடல் அப்படியே இருக்கிறது. வள்ளம் ஏற்றத்தில் ஏறும், ஓரிடத்தில் நின்று பின்பக்கமாகப் போகும், மறுபடி முன்பக்கம் திரும்பி 28 அடி இறங்கும். பழைய சவாரியில் மூன்று தலைப் பூதம் வள்ளத்தைப் பின்னால் விரட்டியது. புதியதில் படத்து நாயகி எல்சா பாடி முடிக்கும் இடத்தில் பின்னால் போகிறது. வள்ளம் பின்வாங்குவதற்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. இதைச் செய்தவர்கள் வாய்க்காலைப் படித்துவிட்டுத்தான் கதையை எழுதினார்கள் என்று நம்புகிறோம்.

2025 ஜூலை 7, திங்கள்

இங்கே காலை, அங்கே ஞாயிறு இரவு. ஆற்றில் கடைசிச் சுற்று முடிந்தது.

மூடியதற்கு ஆதரவாகச் சொல்வதில் இரண்டு காரணங்களை மதிக்கிறோம். ஒன்று, கொதிகலன். சுண்ணாம்பு படியும், குழாய்கள் தேயும், ஆறவைத்து இறக்கித்தான் உள்ளே பார்க்கலாம். நீராவி தெரிந்த இஞ்சின்காரர் எங்கும் குறைந்து வருகிறார்கள். மற்றது, கப்பல் பெரிதானாலும் புறப்பாடு ஏறக்குறைய அரை மணிக்கு ஒன்றுதான். அவ்வளவு நிலத்துக்கு அது போதாது என்று நிர்வாகம் கணக்குப் பார்க்கும்.

இருந்தும் இது மெய்ல்ஸ்ட்ரோம் மாதிரியான மாற்றம் இல்லை. சவாரிக்குள் அசையும் பொம்மையைக் கழற்றினால் வேறு பொம்மை வைக்கலாம். அரை மைல் நீர்வழியை மண்ணிட்டு மூடினால் தண்டவாளம், துறை, கரை, மரநிழல் எல்லாம் சேர்ந்தே போய்விடும், திரும்பாது. வெயிலில் வரிசையில் நின்று களைத்தவர்கள் இருந்து காற்று வாங்கிய இடம் அந்தக் கப்பலின் தட்டு. அந்த இளைப்பாறலைக் கார்ச் சவாரி தராது. எங்கள் வருத்தம் அதில்தான்.

2025 ஜூலை 10, வியாழன்

தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று கேட்டவர்களுக்கு. அருவிபோல் விழும் சவாரிகளில் கீழே ஒரு பெரிய தொட்டி இருக்கும். பம்புகள் அங்கிருந்து தண்ணீரை மேல் வாய்க்காலுக்கு ஏற்றும்; அது சரிவில் வள்ளத்தைத் தாங்கிக்கொண்டு திரும்பி வரும். வள்ளத்தின் பக்கங்களில் உள்ள சிறு சக்கரங்கள் சுவரில் உரசி வழி காட்டும். ஏற்றத்தில் மட்டும் சங்கிலி அல்லது பட்டி இழுக்கும். மட்டத்தைப் பிடித்து வைப்பது வான். கந்தளாய்க் குளத்தில் வான் பாய்வது போலத்தான்: மேலதிகமானது வழிந்துவிடும், மட்டம் அசையாது.

மட்டம் குறைந்தால் வள்ளத்தின் அடி தரையில் உரசும். கூடினால் தண்ணீர் வளைவுகளில் வெளியே தெறிக்கும், சக்கரம் சுவரைப் பிடிக்கும் உயரமும் மாறிவிடும். பம்பு நின்றால் மேல் வாய்க்கால் வடிந்து வள்ளங்கள் அந்தந்த இடத்திலேயே தரையில் குந்திவிடும். ஆட்களை நடத்தித்தான் இறக்க வேண்டும்.

செலவுக்கும் ஒரு கணக்கு: வினாடிக்கு 1 கன மீற்றர் தண்ணீரை 10 மீற்றர் உயர்த்த 98 கிலோவாட் தேவை. பம்பின் இழப்பையும் சேர்த்தால் 130 முதல் 140 வரும். சவாரி நடக்கும் நேரமெல்லாம், வள்ளத்தில் ஆளில்லாவிட்டாலும், இந்தச் செலவு ஓடிக்கொண்டேயிருக்கும்.

2025 ஜூலை 13, ஞாயிறு

ரசிகர்கள் அதிகம் கவனிக்காத விடயம் பாரம். 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்த இட்ஸ் எ ஸ்மோல் வேர்ல்ட் சவாரி, கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் 2008இல் மாதக்கணக்கில் மூடப்பட்டு, வாய்க்காலும் வள்ளங்களும் புதுப்பிக்கப்பட்டன. வள்ளங்கள் அடிதட்டி நின்றதுதான் பேச்சு. சனங்களின் எடை கூடியதைப் பலர் காரணம் சொன்னார்கள். வாய்க்காலில் பழுதுபார்த்த இடங்களில் ஃபைபர் படை மேடானதும் சொல்லப்பட்டது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும்.

5 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலமுள்ள பெட்டி வடிவ வள்ளத்தை எடுங்கள். நீர்மட்டப் பரப்பு 7.5 சதுர மீற்றர். நன்னீரில் 75 கிலோ ஏறினால் 1 சென்ரிமீற்றர் அமிழும். 20 பேரும் ஆளுக்கு 10 கிலோ கூடினால் 200 கிலோ, அதாவது 2.7 சென்ரிமீற்றர். அடிக்குக் கீழே விட்ட இடைவெளி சில சென்ரிமீற்றர்தான் என்றால் அது போதும் நிறுத்த. கடல் வள்ளம் கட்டுபவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: கடலில் 30 சென்ரிமீற்றர் அமிழும் அதே வள்ளம் நன்னீரில் முக்கால் சென்ரிமீற்றர் கூட அமிழும்.

ஃபைபர் ஒட்டுப்போடுவதில் நடக்கும் பிழை இங்கேயும் அதேதான். சதுர மீற்றருக்கு 450 கிராம் உள்ள மெட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒரு படை ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். வெடிப்பைச் சுரண்டாமல் மேலே மூன்று படை போட்டால் 3 மில்லிமீற்றர் மேடு. அடுத்த வருடம் அதற்கு மேல் இன்னும் மூன்று. சரியான முறை, பழுதான பகுதியை வெட்டி, ஒவ்வொரு மில்லிமீற்றர் ஆழத்துக்கும் 12 மில்லிமீற்றர் சரிவு வைத்துத் தேய்த்து, முழுக்கக் காயவிட்டு, பழைய மட்டத்துக்கே நிரப்புவது. ஒரு சதுர மீற்றர் படைக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடிய ரெசின். ஈரத்தின் மேல் பூசினால் படை உரிந்து வரும். கச்சான் வெயிலில் ஹார்ட்னர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) கூடினால் மெட் ஊறுமுன் ரெசின் இறுகிவிடும். 1 வீதத்துக்கு மேல் போகாதீர்கள்.

2025 ஜூலை 19, சனி

இன்று அதிகம் சூடான விவாதம்: உயரத்திலிருந்து வள்ளம் விழும் ஸ்பிளாஷ் மவுண்டன் சவாரி. 1989 ஜூலை 17இல் டிஸ்னிலாண்டில் திறந்தது. 1992இல் ஃபுளோரிடாவிலும் டோக்கியோவிலும். 1946இல் வந்த டிஸ்னி படத்தை வைத்துக் கட்டியது. கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காக அந்தப் படம் நெடுங்காலமாகக் கண்டிக்கப்பட்டது. மாற்றம் 2020 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 2024இல் இரண்டு அமெரிக்கப் பூங்காக்களிலும் அதே வாய்க்காலில், இன்னொரு டிஸ்னி படத்தின் நாயகி டியானாவை வைத்த டியானாஸ் பாயு அட்வென்சர் வந்தது. படத்தை விட்டதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. விட வேண்டியதுதான்.

வாதம் இறக்கத்தைப் பற்றியது. 52.5 அடி, 45 பாகை. 16 மீற்றரிலிருந்து உராய்வில்லாமல் விழுந்தால் மணிக்கு 64 கிலோமீற்றர் வரும்; சொல்லப்படும் 40 மைலும் அதேதான். பழைய கதையில் கடைசி ஏற்றத்தில் கழுகுகள் பயமுறுத்தும், முயலை முட்புதரில் எறியப்போகிறார்கள் என்று தெரியும், அதனால் விழுவதற்கு அர்த்தம் இருந்தது. புதியதில் விழாவுக்கு இசைக்காரரைத் தேடிப் போகிறோம். ‘மாமா ஓடி’ என்ற மந்திரக் கிழவி எங்களைச் சிறியவர்களாக்கி, கடைசியில் பழைய அளவுக்குத் திருப்புகிறார். சண்டையில்லை, ஆபத்தில்லை. பொம்மைகளின் அசைவு அருமை. முகமும் கையும் பழையவற்றைவிடப் பல மடங்கு நுட்பம். ஆனால் அந்த வாய்க்கால் பயத்துக்காக வெட்டியது. சங்கிலி ஏற்றும் அத்தனை நொடியும் பயணி எதற்காவது அஞ்ச வேண்டும். இந்த இடத்தில் ஃப்ரோஸன் செய்ததை டியானா செய்யவில்லை என்பதே எங்களில் பெரும்பாலோரின் முடிவு.

2025 ஜூலை 26, சனி

பழைய கதையுடன் ஸ்பிளாஷ் மவுண்டன் டோக்கியோவில் இன்னும் ஓடுகிறது. கலிபோர்னியாவில் 1955இலிருந்து ஓடும் மார்க் ட்வெய்ன் கப்பலும் இருக்கிறது. போகக் கூடியவர்கள் முழுச் சவாரியையும் வெட்டாமல் வீடியோ எடுத்து வாருங்கள். ஏற்றத்தின் அடியில் வள்ளம் காத்திருக்கும் நொடிகள், சங்கிலி பிடித்ததிலிருந்து உச்சி வரை நொடிகள், இறக்கத்துக்கு முன் காட்சி தெரியும் நொடிகள், இந்த மூன்றும் வேண்டும். ஏறுதுறையில் நின்று பத்து வள்ளம் புறப்படும் நேரத்தையும் எடுங்கள். 3600ஐ இடைவெளி நொடியால் வகுத்து இருக்கைகளால் பெருக்கினால் மணிக்கு எத்தனை பேர் என்று வரும்: 16 இருக்கை, 60 நொடி என்றால் 960, 45 நொடி என்றால் 1280. டோக்கியோ நேரங்களை டியானா வீடியோக்களின் நேரங்களோடு பக்கத்தில் வைத்து அடுத்த குறிப்பில் அட்டவணையாகப் போடுகிறோம்.