தோப்புக்கு ஒரு ஏர் ரைஃபிள்: பாயிண்ட் 177-ல் வந்து நின்றது

ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 18,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. சுடப்போகிற இடம், வேலூர் பக்கம் கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகிற பக்கம் சித்தப்பாவின் மாந்தோப்பு. உரிமம் கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு நடக்கிற உத்தேசம் இல்லை. இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு போன தையில் தேட ஆரம்பித்தேன்.

ஏர்கன் என்றதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "முயலுக்கா, காடைக்கா?" இரண்டுக்கும் இல்லை, குறிபார்த்துச் சுடும் காகித அட்டைக்கு. 1972-ன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்தபிறகு நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டை என்று ஒன்று கிடையாது. காக்கையை அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். காக்கை, எலி, பழந்தின்னி வௌவால் எல்லாம் இருந்த அந்தத் தனி அட்டவணையையே 2022 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு நிஜமான தொல்லை காட்டுப்பன்றி. நிலக்கடலை போட்டால் பாதி அதுகளுக்குத்தான். அதற்கும் அரசு 2025-ல் கொடுத்த வழி என்னவென்றால், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்தால் வனத்துறைக்காரர்கள் சுடலாம். விவசாயி சுட முடியாது. தாத்தா காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமத்தோடு ஒரு பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கி இருந்ததாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும் திரும்ப வாங்குவதுமாக அலுத்துப்போய்க் கடைசியில் விட்டுவிட்டார்.

நான் தேடிக்கொண்டிருந்த அதே சமயத்தில் பென்சில்வேனியாவில் இருக்கிற என் மச்சானும் ஒரு துப்பாக்கி தேடிக்கொண்டிருந்தான். அவனுக்கு மான் வேட்டைக்கு. அங்கே சீசன் உண்டு, உரிமம் உண்டு, ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். அடர்ந்த காடு, ஐம்பது அறுபது மீட்டருக்கு மேல் பார்வை போகாது. அவன் மனசு முதலில் பாயிண்ட் 30-30 லீவர் ரைஃபிளில்தான் இருந்தது, கீழே இருக்கிற நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. 1895-ல் வந்த தோட்டா. குட்டையான துப்பாக்கி, மரத்துக்கு மரம் திரும்ப வசதி. ஆனால் ஒரு காலத்தில் ஏழை வேட்டைக்காரனின் துப்பாக்கியாக இருந்த லீவர் ரைஃபிள், இன்று மலிவான போல்ட் ஆக்ஷனைவிட (பக்கவாட்டுக் கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) விலை கூட. குழல் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்பதால் கூர்முனைக் குண்டு போட முடியாது, முனை முன்னால் இருக்கிற தோட்டாவின் ப்ரைமரை (அடியில் இருக்கும் வெடிப்பொட்டு) தட்டிவிடும் அபாயம் உண்டு. கடைசியில் ரூகர் அமெரிக்கன், சேவேஜ் ஆக்சிஸ் என்ற இரண்டு போல்ட் ஆக்ஷன்களையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, பாயிண்ட் 308-ல் ரூகரை வாங்கிவிட்டான். "எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும் மச்சான், அது போதும்" என்றான். நல்ல காரணம்தான்.

அவனுடைய 308 சுமார் 3,500 ஜூல் சக்தியோடு குண்டைத் துப்புகிறது. எனக்குச் சட்டம் விட்டுவைத்திருப்பது 20 ஜூல். 2016 ஆயுத விதிகளின்படி ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்றால் இரண்டு நிபந்தனை: துளை 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குழல் வாயில் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. பாயிண்ட் 22 ஏர் ரைஃபிள் ஆசை அங்கேயே முடிந்தது. முடிந்ததில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. 13 ஜூல் சக்தியில் 0.53 கிராம் குண்டு நொடிக்கு 220 மீட்டர் போகும். அதே சக்தியில் 0.95 கிராம் எடையுள்ள 22 குண்டு 165 மீட்டர்தான் போகும். கனமான குண்டு அடிக்கும்போது பலமாக அடிக்கலாம், ஆனால் வழியில் அதிகம் இறங்கும். அட்டையில் ஓட்டை போட பலம் எதற்கு? நேர்ப்பாதைதான் வேண்டும்.

சரி, எந்த ரைஃபிள்? பம்ப் போட்டுக் காற்று நிரப்பும் பிசிபி வகை துல்லியமானது, அதிர்வே இருக்காது. ஆனால் பம்பும் சேர்த்தால் என் பட்ஜெட் இரண்டு மடங்கு தாண்டும். மிச்சம் ஸ்பிரிங் பிஸ்டன், குழலை மடக்கி லோடு செய்யும் வகை. உள்நாட்டுத் தயாரிப்புதான் பார்த்தேன். பிரெசிஹோல் கம்பெனி ஆழ்துளை போடும் இயந்திரங்கள் செய்கிறவர்கள். துப்பாக்கிக் குழலுக்கு அது முக்கியமான வேலை என்பதால் எனக்கு அவர்கள் மேல் ஒரு சாய்வு. அவர்களுடைய ஸ்பிரிங் மாடல் ஒன்றுதான் இப்போது கையில் இருக்கிறது. பெட்டிமேல் நொடிக்கு ஆயிரம் அடி, அதற்கும் மேல் என்று போட்டு விற்கிற கம்பெனிகளை நம்பிப் போக வேண்டாம். லேசான அலாய் குண்டு போட்டால்தான் அந்த வேகம் வரும், ஒலியின் வேகத்தை நெருங்கும்போது பெல்லட் (ஏர்கன் குண்டு) நிலைதவறி ஆட ஆரம்பித்துவிடும். வாங்கியபோது கடையில் அடையாள அட்டை நகல் கேட்டார்கள், கொடுத்தேன். பில்லின் நகல் எப்போதும் துப்பாக்கிப் பையிலேயே இருக்கிறது. காப்புக்காட்டுப் பக்கம் அந்தப் பையோடு போவதே இல்லை. ஏர்கன்தானே என்று வனத்துறைக்காரரிடம் சொல்லிப் பயனில்லை.

மாசியில் தோப்பின் கோடியில், கிணறு வெட்டியபோது கொட்டிய மண்மேட்டின் முன்னால், இலக்குப் பெட்டி வைத்தேன். பலகைப் பெட்டி, பின்னால் இரும்புத் தகடு, நடுவில் சித்தியின் பழைய புடவைகளும் கிழிந்த சாக்கும். ஈயக்குண்டு அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. பெட்டி தவறினாலும் மண்மேடு பிடித்துக்கொள்ளும். இந்த மேடு இல்லாவிட்டால் அந்த இடத்தில் சுட்டிருக்கவே மாட்டேன். ஏர்கன் குண்டும் சில நூறு மீட்டர் பறக்கும், மரங்களுக்கு நடுவே யார் மாடு மேய்க்கிறார்கள் என்று தெரியாது. சுட்டுமுடித்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவுவதும் உண்டு, ஈயம் ஆயிற்றே.

சித்தப்பா முதல் நாள் வந்து பார்த்தார். "இன்னாடா இது, பட்டாசு சத்தம் கூட இல்ல?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றுக்கட்டிலில் போய்ப் படுத்துவிட்டார்.

ஸ்பிரிங் துப்பாக்கியை இறுகப் பிடித்தால் குறி சேராது என்பது கையில் பட்டால்தான் புரிகிறது. விசையை அழுத்தியதும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் முட்டி நிற்கும்போது மறுபடி முன்னால் தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். அதனால் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி, உள்ளங்கையில் ஒரே இடத்தில் சும்மா தாங்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்துச் சுட்ட அட்டையில் ஓட்டைகள் ஆறேழு சென்டிமீட்டருக்குச் சிதறின. தளர்த்திப் பிடித்ததும் பாதியாகக் குறைந்தது. செலவில்லாமல் கிடைத்த பெரிய முன்னேற்றம் இதுதான்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். குண்டு போடாமல் வெறுமனே விசையை அழுத்தாதீர்கள். காற்றின் தடுப்பு இல்லாமல் பிஸ்டன் நேராக இடித்து சீல் போய்விடும். குழலை மடக்கிக் குண்டு வைக்கும்போது இன்னொரு கையால் குழலை விடாமல் பிடித்திருங்கள். தப்பித்தவறி அது திரும்பி அடித்தால் விரல் மிஞ்சாது.

பிஸ்டனின் அந்த முன்-பின் இரட்டை அதிர்வு ஸ்கோப்பையும் கொல்லும். "எல்லாத் துப்பாக்கிக்கும் போடலாம் சார்" என்று ஒரு கடையில் கொடுத்த ஸ்கோப்பில் சில வாரத்திலேயே குறுக்குக்கம்பி சாய்ந்துவிட்டது, மாற்றித் தரவும் இல்லை. பெரிய ரைஃபிளின் உதை பின்பக்கம் மட்டும் வரும், அதற்குச் செய்த ஸ்கோப் முன்னால் வரும் உதையைத் தாங்க வேண்டும் என்று இல்லை. அப்புறம் ஏர்கன்னுக்கென்றே செய்த 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர்) ஒன்று வாங்கினேன், முன்கண்ணாடியைத் திருப்பி 10 மீட்டருக்கும் பார்வையைத் தெளிவாக்கலாம். மாமர நிழலில் காலை வெளிச்சம் மந்தம்தான். அங்கே 40 மில்லிமீட்டர் கண்ணாடி உதவுகிறது. பட்ஜெட் கொஞ்சம் தாண்டியது இந்த இடத்தில்தான்.

பெல்லட் விஷயத்தில் வேலூர் கைகொடுத்தது. லாங் பஜார் பக்கம் நகைப் பட்டறை வைத்திருக்கிற நண்பனிடம் தங்கம் நிறுக்கிற தராசு இருக்கிறது, மில்லிகிராம் வரை காட்டும். ஒரு டப்பாவைக் கொட்டி நிறுத்தோம். டப்பாமேல் 0.53 கிராம் என்று இருந்தது; உள்ளே 0.50-ம் இருந்தது, 0.56-ம் இருந்தது. "இப்படி நான் வியாபாரம் பண்ணினா ஊர்ல இருக்க முடியுமா?" என்றான் அவன். எடைவாரியாகப் பிரித்துச் சுட்டதில், மேலும் கீழுமாகச் சிதறுவது நன்றாகக் குறைந்தது. தட்டை முனைக் குண்டு 10 மீட்டரில் அட்டையை அழகாகத் துளைக்கிறது, 20 தாண்டினால் அலைகிறது. கூர்முனை பார்க்க மிரட்டலாக இருக்கும், குறி மட்டும் சேராது. உருண்டை முனைதான் என் குழலுக்கு ஒத்துவந்தது.

ஸ்கோப்பை 25 மீட்டருக்கு ஜீரோ செய்திருக்கிறேன், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும். ஸ்கோப் குழலுக்கு மேலே நாலரை சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால் குண்டு கீழிருந்து ஏறி, பார்வைக்கோட்டை 15 மீட்டரில் ஒருமுறை தொட்டு, கொஞ்சம் மேலே போய், 25-ல் மறுபடி தொட்டு இறங்குகிறது. 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் ஒரு சென்டிமீட்டர் கீழே அடிக்கும். 5 மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர் கீழே, இது முதலில் யாருக்கும் நம்பிக்கை வராது. தோப்பில் மரத்துக்கு மரம் தூரம் மாறுகிற இடத்தில், இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் துப்பாக்கியின் பிடியில் ஒட்டிவைப்பது நல்லது.

மச்சானோடு ஒரு வாக்குவாதம் பாக்கி இருந்தது. கனமான, மெதுவான குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும் என்று அவன் ஊர்க் கிழவர்கள் சொல்வார்களாம், லீவர் ரைஃபிளுக்கு அதனால்தான் புதர்த் துப்பாக்கி என்று பேர். நான் என்னிடம் இருப்பதை வைத்துச் செய்துபார்த்தேன். உன்னிச்செடிக் கொம்புகளை வெட்டி, அட்டைக்கு ஒட்டி ஒருமுறை, பத்து மீட்டர் முன்னால் ஒருமுறை நட்டுவைத்துச் சுட்டேன். ஒட்டி வைத்தபோது பெரிய வித்தியாசமில்லை. முன்னால் வைத்தபோது, இலையை மட்டும் தொட்டுப்போன குண்டுகள் ஒரு சாண் அளவுக்கு விலகின, சுள்ளியில் பட்டவை அட்டையிலேயே விழவில்லை. என்னுடையது அரை கிராம் பெல்லட், அவனுடையது ஒன்பதே முக்கால் கிராம் குண்டு. அளவு வேறு, ஆனால் விலகல் இரண்டுக்கும் உண்டு. பெரிய தோட்டாவுக்கும் இது வெறும் நம்பிக்கைதான் என்பதை அவனே ரேஞ்சில் சுள்ளிக்கட்டு வைத்துச் சுட்டுப்பார்த்து ஒத்துக்கொண்டான். மரமடர்ந்த இடத்துக்குக் காலிபர் (குழல் துளையின் அளவு) தேடுவதைவிட இலை இல்லாத இடைவெளியைத் தேடுவதே மேல். நான் அந்த வாரமே இரண்டு தாழ்ந்த கிளைகளைக் கழித்தேன். சித்தப்பாவிடம் கேட்டுத்தான்.

சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலுக்குத் துப்பாக்கி மட்டும் என்ன விதிவிலக்கா? ஒன்பது மணிக்கு மேல் காற்றும் எழும்பும், ஜீரோவும் நகரும். விடிந்ததும் ஆரம்பித்து எட்டரைக்குள் முடித்துவிடுவேன்.

இன்றைய நிலவரம்: தாங்கியில் வைத்துச் சுட்டால் 25 மீட்டரில் ஐந்து குண்டும் மூன்று சென்டிமீட்டருக்குள் விழுகின்றன, நின்றுகொண்டு சுட்டால் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. 10 மீட்டர் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன், அதற்காகவே இனி நின்று சுடுவதுதான் பயிற்சி. விசை இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்ய உள்ளே கைவைப்பதா வேண்டாமா என்று உத்தரவாதம் முடியும்வரை யோசிக்கலாம்.