பிளாக் ஹில்ஸைப் பிடித்துக்கொண்டு படித்த அமெரிக்க மேற்கு வரலாறு

முதுகலை வரலாற்றில் அமெரிக்க வரலாற்றுத் தாளுக்குத் தயாரானபோது, மேற்கு எல்லைப்புற விரிவாக்கம் என்ற அலகை முதலில் ஆண்டுகளின் பட்டியலாகவே படித்தேன். 1803 லூசியானா கொள்முதல், 1848 கலிபோர்னியாவில் தங்கம், 1862 ஹோம்ஸ்டெட் சட்டம், 1869 கண்டம் கடந்த இரயில் பாதை எனச் சுவரில் எழுதி ஒட்டி மனப்பாடம் செய்தும், 1876இல் அமெரிக்கக் குதிரைப்படையைச் சியூ பழங்குடியினரும் அவர்களுடைய கூட்டாளிகளும் தோற்கடித்த லிட்டில் பிக்ஹார்ன் போரின் காரணங்களை ஆராயச் சொன்ன பதினைந்து மதிப்பெண் வினாவுக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஆறு மதிப்பெண்தான் கிடைத்தது. அந்தப் படையின் தளபதி கஸ்டரும் அவருடைய வீரர்களும் எப்படி மடிந்தார்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘காரணம் எங்கே?’ என்று மட்டும் இருந்தது.

அதன் பிறகு ஒரே நிலத்தை எடுத்துக்கொண்டு, அதன் மீது யார் யாருக்கு என்ன நடந்தது என்று வரிசையாகப் படித்தேன். இன்றைய தெற்கு டகோட்டாவில் உள்ள பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி அதற்கு மிகவும் பொருத்தமானது. 1868இல் கையெழுத்தான லாரமி கோட்டை ஒப்பந்தம் அந்த மலைகளைச் சியூ மக்களுக்கே உரியவை என ஒப்புக்கொண்டது. அதன் 12ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்: வயது வந்த ஆண்களில் முக்கால் பங்கினராவது கையொப்பமிட்டாலன்றி அந்நிலத்தின் எப்பகுதியையும் விட்டுக்கொடுத்தது செல்லாது என்கிறது அது.

1874இல் கஸ்டர் தலைமையில் சென்ற படை அங்கே தங்கம் இருப்பதாக அறிவித்தது. முந்தைய ஆண்டுதான் நிதி நெருக்கடி வெடித்திருந்ததால், பிழைப்புத் தேடியவர்கள் ஒப்பந்தத்தைப் பொருட்படுத்தாமல் மலைக்குள் புகுந்தார்கள். விலைக்குக் கேட்டுப் பார்த்த அரசு, அது படியாததால், தங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு வெளியே இருந்த சியூக்கள் 1876 ஜனவரி 31க்குள் அங்கே திரும்பிவிட வேண்டும் என்றும், வராதவர்கள் பகைவர்களாகக் கருதப்படுவார்கள் என்றும் கெடு வைத்தது. கடுங்குளிர்காலத்தில் வைக்கப்பட்ட கெடு அது. ஜூன் 25 அன்று நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போர் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி மட்டுமே என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வென்றவர்களுக்கு வெற்றி நிலைக்கவில்லை: சியூ தலைவர்களில் கிரேசி ஹார்ஸ் 1877இல் சரணடைந்து அதே ஆண்டு கொல்லப்பட்டார், கனடாவுக்குச் சென்ற சிட்டிங் புல் 1881இல் திரும்பி வந்து சரணடைந்தார். இதற்கிடையே, கையொப்பமிடாவிட்டால் உணவுப் பங்கீடு கிடையாது என்ற நெருக்கடியில் சுமார் பத்து விழுக்காட்டு ஆண்களின் ஒப்புதலை மட்டும் பெற்று, 1877ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மலைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. முக்கால் பங்கு எங்கே, பத்து விழுக்காடு எங்கே! விடையில் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதுங்கள்.

வரலாற்றாசிரியர் டர்னரின் எல்லைப்புறக் கோட்பாட்டுக்கும் இதே பகுதி கைகொடுக்கும். 1890ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, மேற்கே நகர்ந்துவந்த குடியேற்ற எல்லைக்கோடு மறைந்துவிட்டதாகச் சொன்னதை அடிப்படையாகக் கொண்டு, கட்டற்றுக் கிடந்த நிலமே அமெரிக்க ஜனநாயகத்தை உருவாக்கியது என்று அவர் 1893இல் சிகாகோவில் வாதிட்டார். அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியிலிருந்து மறுப்பைத் தொடங்குங்கள். எல்லை மறைந்ததாகச் சொல்லப்பட்ட அதே 1890 டிசம்பரில்தான், கஸ்டர் இருந்த அதே ஏழாம் குதிரைப்படை வூண்டட் நீ ஓடைக்கரையில் பெண்களும் குழந்தைகளும் உட்பட சியூக்களில் ஒரு பிரிவினரான லக்கோட்டா மக்கள் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது.

துப்பாக்கி வீரர்களின் கதைகளில் அதிக நேரம் செலவிட வேண்டாம். டூம்ஸ்டோன் நகரில் 1881இல் ஏறத்தாழ முப்பது விநாடிகளே நீடித்த துப்பாக்கிச் சண்டைக்கு நான் ஒரு மாலை முழுவதையும் கொடுத்தேன். சுவையான வாசிப்புதான், ஆனால் விடைத்தாளில் ஒரு வரிக்கும் உதவவில்லை. அதற்குப் பதில் 1980ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் குறித்து வைத்திருங்கள். மலைகளை எடுத்துக்கொண்டதற்காக வட்டியுடன் 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்ற முடிவை நீதிமன்றம் உறுதி செய்தது. சியூ மக்கள் அந்தப் பணத்தை ஏற்க மறுத்து, மலைகளைத் திருப்பித் தரும்படி கேட்டார்கள்.