நடுத்தெருத் தூண்கள்

16.1.2026, வெள்ளி

மாட்டுப் பொங்கல் வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்த நேரத்தில் போன். தோழி சென்னையிலிருந்து கீழக்கரைக்கு உம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். "நாளைக்குக் காணும் பொங்கல்தானே, வா. எங்க தெருவையெல்லாம் உனக்கு நடந்தே காட்டுறேன்" என்றாள். ஒன்றாகப் பி.எட். படித்து 11 வருடம் ஆகிறது. திருப்புல்லாணியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் கீழக்கரை. கல்யாணத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், சாப்பிட்டதும் திரும்பிவிட்டேன். தெருவில் நடந்ததே இல்லை. அது எனக்கு இத்தனை நாளும் உறுத்தவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

17.1.2026, சனி

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. முக்கால்வாசிப் பேர் ஏர்வாடிக்குப் போகிறவர்கள். கீழக்கரையில் இறங்கியபோது பத்து மணி.

முதலில் நடுத்தெரு ஜும்மா பள்ளி. வள்ளல் சீதக்காதி 17ஆம் நூற்றாண்டில் எழுப்பியது என்று ஊரே சொல்லும் பள்ளி. தொழுகை நேரம் இல்லை என்பதால் பாங்கு சொல்லும் மோதினார் எங்களை வெளி வராந்தா ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். முழுக்க முழுக்கக் கல். எனக்கு மூச்சு ஒரு நிமிடம் நின்றது. இந்தத் தூண்களை எனக்குத் தெரியும். அடியில் சதுரம், நடுவில் பட்டை, மறுபடி சதுரம், மேலே விட்டத்தைத் தாங்கும் போதிகை, அதன் நுனியில் கவிழ்ந்து தொங்கும் பூமொட்டு. பிறந்ததிலிருந்து எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் சாய்ந்து உட்கார்ந்த அதே தூண்.

"நான் சின்ன வயசுல உங்க கோயிலுக்கு வெளியில நின்னு பாத்துட்டு, எங்க பள்ளி மாதிரி இருக்கேன்னு வாப்பாகிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள். அவளுக்கு எப்போதோ தெரிந்தது எனக்கு இன்றுதான் தெரிகிறது.

பள்ளியை ஒட்டியே சதக்கத்துல்லா அப்பா என்ற இஸ்லாமிய ஞானியின் தர்கா. சீதக்காதி வள்ளலும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு மிக நெருக்கமானவர், கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர், உமறுப் புலவரை ஆதரித்து சீறாப்புராணம் எழுத வைத்தவர். பாட்டு முழுமை பெறுமுன் வள்ளலின் காலம் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் பட்ட பனையை அறுத்துக் கைமரம் போட்ட அன்று அப்பத்தா மரத்தைத் தடவி, "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் யார் என்று அப்பத்தாவுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. இன்று அந்த மனிதர் அடங்கிய இடத்தில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அப்புறம் தெருக்கள். ஒருவர் மட்டும் போகக்கூடிய சந்துகள், சந்துக்குள் இன்னொரு சந்து. திண்ணைகள் உயரமாக, கதவுகள் பர்மா தேக்கில். இந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் ஒவ்வொரு வாசலையும் அவள் அம்மா வழியாகவே சொல்லிக்கொண்டு போனாள்: இது பெரியம்மா வீடு, இது உம்மம்மாவின் தங்கச்சி வீடு. கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஓர் இடத்தில் அவள் பேச்சு நின்றுபோனது. பழைய வீடு ஒன்றைப் பாதி இடித்துப் போட்டிருந்தார்கள். கதவு, நிலை எதுவும் இல்லை. காரைக்குடிப் பக்கம் பழைய சாமான் கடைக்குப் போயிருக்கும். உடைந்த சுவரின் உள்பக்கம் வெளியே தெரிந்தது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். செங்கல் இல்லை, பவளப்பாறைக் கல். ஒவ்வொரு கல்லிலும் சின்னச் சின்ன நட்சத்திரம் அச்சடித்ததுபோல் ஓட்டைகள், நெருக்கமாக, தேன்கூட்டை அறுத்துவைத்த மாதிரி. இடுக்கில் சுண்ணாம்பு, அதில் முழுசாக ஒரு குட்டிச் சிப்பி. விரலை வைத்தால் சொரசொரவென்று, வெயிலிலும் குளிர்ச்சி. கடலிலிருந்து கல்லை எடுத்து, கடலிலிருந்தே சுண்ணாம்பும் சுட்டுக் கட்டியிருக்கிறார்கள். 2001இல் பவளப்பாறையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், இனி கடலிலிருந்து எடுக்க முடியாது. அது சரியான காரியம், பாறை போனால் மீனும் போகும், கரையும் போகும். ஆனால் அதனாலேயே இந்தச் சுவரை இடித்தால் இடித்ததுதான், திரும்ப யாராலும் கட்ட முடியாது. நிற்கிற வீடுகளையாவது இடிக்காமல் விடச் சொல்லி யாரிடம் போய்க் கெஞ்சுவது? ஒழுகுகிற கூரையோடு குடியிருப்பவர்களின் கஷ்டமும் இருக்கிறதே என்றாள் தோழி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மதியம் உம்மா கையால் நெய்ச்சோறு, கறி. சாயங்காலம் கடற்கரை. வாடைக் காலத்தில் எங்கள் தென்கடல் குளம் மாதிரி கிடக்கும், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசினால்தான் ஆட்டம். வலை காயப்போட்டிருந்த பெரியவர் ஒருவர் சங்கு குளித்த காலத்தைச் சொன்னார். குளித்தெடுத்த சங்கு வளையல் அறுக்க வங்காளம் வரை போகுமாம். எதிரே கடலில் அப்பா தீவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்று, 1986 முதல் தேசியப் பூங்கா, காலே வைக்க முடியாது. கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்.

18.1.2026, ஞாயிறு

கால் வலி. உம்மா கட்டிக்கொடுத்த தொதல் என்ற இனிப்பை அம்மாவுக்கு அறுத்துக் கொடுத்தேன். தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் ஜவ்வரிசியோடு சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். கை விட்டால் அடிப்பிடிக்கும். ஜாவாவிலும் மலாயாவிலும் இதை டோடோல் என்கிறார்கள், கப்பல் வழியாக வந்த பண்டம். அம்மா ஒரு வில்லையை வாயில் போட்டுவிட்டு, "கருப்பட்டி நம்ம ஊருதுதான்" என்றாள்.

21.1.2026, புதன்

பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கோயில். போனில் எடுத்த ஜும்மா பள்ளிப் படத்தை வைத்துக்கொண்டு ஆதிஜெகந்நாதப் பெருமாள் மண்டபத்தில் ஒவ்வொரு தூணாகப் பார்த்தேன். போதிகை அதே வளைவு, மொட்டும் அதே கவிழ்ப்பு. வேறுபாடு சதுரத்தில்தான். இங்கே சதுரத்துக்குள் அனுமன், வானரம், கைகூப்பிய அடியார். அங்கே அதே அளவுச் சதுரத்தில் கொடியும் பூவும். உருவம் கூடாது என்றதும் அந்தக் கல்தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்திருப்பார் இல்லையா? இங்கே வேலை செய்த கையேதான் அங்கேயும் போனதா, தகப்பனிடம் கற்ற மகனா, எப்படியோ ஒரு பட்டறைப் பழக்கம்தான் இரண்டிலும் என்று என் கண் சொல்கிறது.

இரண்டு போதிகையையும் அருகருகே சேர்த்து அவளுக்கு அனுப்பினேன். எது எந்த ஊர் என்று எழுதவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "இடது பக்கம் எங்களது. மொட்டுல சுண்ணாம்பு அடிச்சிருக்கு பாரு. ரமலானுக்கு முன்னாடி ஒரு நாள் வர்றேன், உங்க கோயில் பாயசம் எனக்கு எடுத்து வை."