குமரியில் இதயநோய்த் தடுப்பு ஆய்வு: களத்துக்குப் போகும் முன்

சமூக மருத்துவத்தில் எம்.டி. படிப்பு மூன்று வருடம். ஆய்வுக்கு இதயநோய் அபாயக் கணக்கெடுப்பை எடுத்தவர்கள் குமரி மாவட்டத்தில் முதலில் பார்க்கவேண்டியது புத்தகத்தை அல்ல, காலண்டரை.

இங்கே விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் ஆட்கள் மற்ற மாதங்களில் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. அக்டோபரில் போனால் பெண்களும் வயசானவர்களும்தான் கிடைப்பார்கள், பீடி பிடிப்பவர் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். அதனால் நெறிமுறைக் குழு அனுமதி மார்ச்சுக்குள் கையில் இருக்கவேண்டும். ஒப்புதல் படிவத்துக்கு விளவங்கோடு பக்கம் மலையாளப் பிரதியும் அடித்துவைப்பது நல்லது. மாவட்டப் பணிப் பயிற்சியின் (District Residency) மூன்று மாதம் இதன்மேல் வந்து விழாமல் துறைத்தலைவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

எத்தனை பேர்? பிரஷர் 30 சதவீதம் பேருக்கு இருக்கும் என்று எடுத்து, 5 சதவீதப் பிழை அனுமதித்தால் 323. ஊர் ஊராகக் கொத்தாக எடுப்பதால் 1.5 மடங்கு, 485. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 539. பலர் 323-லேயே நிறுத்திவிடுகிறார்கள். தேர்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

நேரம் அதிகம் போவது பிரஷர் பார்ப்பதில். அரை மணி நேரத்துக்குள் சாயா, பீடி இருக்கக்கூடாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால்மேல் கால் போடாமல், பேசாமல் உட்காரவேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் தாங்கலோடு இருக்கவேண்டும். மூன்று முறை எடுத்து, கடைசி இரண்டின் சராசரியை எழுதவேண்டும். வலை இழுத்து, துடுப்புப் போட்டுத் தடித்த புஜத்துக்குச் சாதாரணக் கஃப் (கையில் சுற்றும் பட்டை) போதாது. சிறிய கஃப் அளவைக் கூட்டிக்காட்டும். பெரிய கஃப் ஒன்று பையில் கட்டாயம். கையால் பார்க்கிற கருவியில் 120, 130, 140 என்று பூஜ்யத்திலேயே முடிந்துகொண்டு போனால் பார்ப்பவர் தோராயமாக எழுதுகிறார் என்று அர்த்தம். தானியங்கிக் கருவிக்கு மாறுங்கள்.

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே கிளம்புவார்கள். சுகர் பார்க்க ரத்தம் எடுக்கும் முன் வெறும் வயிறா என்று கேட்டால், ‘ஒண்ணும் சாப்பிடல்ல டாக்டரே, கட்டஞ்சாயா மட்டும்’ என்பார்கள். பால் இல்லாத அந்தச் சாயாவில் சர்க்கரை உண்டு, அந்த ரத்தம் வீண். ‘எழுந்ததிலிருந்து தண்ணி தவிர வாயில என்ன போட்டீங்க?’ என்று கேளுங்கள். மழை வலுத்து வெட்டு நிற்கும் நாள் வசதி.

அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைக் காட்டும் அபாய அட்டவணைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் திருத்தியதில் தெற்காசியப் பக்கத்தை எடுக்கவேண்டும். வயது 40 முதல் 74. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு அதைப் போடவே கூடாது, அவர் உயர் அபாயம்தான். கொலஸ்ட்ரால் அங்கே மில்லிமோல் கணக்கு. நம் லேப் தரும் மில்லிகிராமை 38.67-ஆல் வகுத்தால் 200 என்பது சுமார் 5.2. ரத்தப் பரிசோதனை இல்லாத அட்டவணையில் சுகருக்கு இடமே இல்லை, அதனால் சுகர்க்காரரின் அபாயம் குறைவாக வரும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவரும் அதில் ‘புகைப்பவர்’ ஆகமாட்டார், அதைத் தனியே குறியுங்கள்.

உப்பு தனித் தொல்லை. மாதத்துக்கு ஒரு கிலோ, நாலு பேர் என்றால் தலைக்கு ஒரு நாள் 8 கிராமுக்கு மேல்; 5 கிராமுக்குக் கீழே இருக்கவேண்டும். ஆனால் கடலோர வீட்டில் வாங்கும் கல்லுப்பில் ஒரு பங்கு மீன் உணக்கப் போகும், சாப்பிடும் கருவாட்டின் உப்போ இந்தக் கணக்கிலேயே வராது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பிரஷர் 180/110-ஐத் தாண்டினால் சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள். குறையவில்லையென்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் தளர்ச்சி இருந்தால் சீட்டு எழுத நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.