செத்த காருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கிய கதை

வீட்டு வேப்பமரத்தடியில் ஐந்து வருஷமாகக் கிடந்த என் மாருதி 800 போன மாதம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. ரெக்கவரி வண்டியில் ஏற்ற முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கு முன்னால் நான் அலைந்தது நாலு மாதம்.

2005இல் குடியாத்தத்தில் வேலை பார்த்தபோது லோன் போட்டு வாங்கிய வண்டி. 15 வருஷப் பதிவு 2020இல் முடிந்தது. ஊரடங்கு நேரம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். டயர் நாலும் தரையோடு ஒட்டியது. எலி குடியேறியது. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் பின்கண்ணாடித் தூசியில் ஸ்டம்பு வரைந்து கிரிக்கெட் ஆடினார்கள்.

15 வருஷம் ஆனால் வண்டியை உடைத்தே ஆக வேண்டும் என்று டீக்கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். அது டெல்லிக் கதை. நம்மூரில் சொந்தக் காரை ஆர்டிஓ ஆபீசில் காட்டி, தகுதி இருந்தால் இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். ஆனால் 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. மேலே பசுமை வரி, இன்ஷூரன்ஸ், டயர், பேட்டரி, எலி தின்ற வயரிங். பானெட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக் பாய் உடனே மூடிவிட்டார். "சார், இதுல போடுற காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டியே வாங்கிடலாம்."

சரி, கொடுத்துவிடலாம் என்றால் அன்று சாயங்காலமே காயலான் கடைக்காரர் ஒருவர் வாசலில் நின்றார். 24,000 ரூபாய், கையில் காசு, ராத்திரியே தூக்கிக்கொள்கிறேன் என்றார். ஆர்சியை ரத்து செய்வது யார் என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்ணா."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் பயப்பட வேண்டும். வண்டி துண்டு துண்டாகப் போனாலும் நம்பர் ரத்தாகும் வரை கணக்கில் அது உங்கள் வண்டிதான். அந்த நம்பர் பிளேட்டை எவனாவது திருட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு எங்கேயாவது இடித்தால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. ஓட்ட லாயக்கில்லாமல் போன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55ஆவது பிரிவு சொல்கிறது. கடைக்காரர் மேல் அல்ல, உரிமையாளர் மேல்தான் அந்தப் பொறுப்பு.

அதனால் 2021இல் வந்த விதிப்படி பதிவு பெற்ற உடைப்பு யார்டு ஒன்றைச் சென்னைப் பக்கம் பிடித்தேன். 17,000 தருகிறோம், வண்டியை நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஏழாயிரம் குறைவு. தூக்கத்துக்கு விலை என்று நினைத்துக்கொண்டேன். ஆர்சி நம்பரைக் கேட்டு வாங்கிய பெண் இரண்டே நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். "சார், உங்க வண்டி மேல எச்.பி. இருக்கே?"

எச்.பி. என்றால் வண்டி லோன் கொடுத்த வங்கியின் அடமானத்தில் இருக்கிறது என்ற பதிவு. 2010இல் கட்டி முடித்த லோன். பதினைந்து வருஷமாக ஆர்சியில் அந்த வங்கியின் பெயர் அப்படியே இருந்திருக்கிறது, நான் எடுத்துப் பார்த்ததே இல்லை. அது நீங்காமல் யார்டு வண்டியைத் தொடாது.

குடியாத்தம் கிளைக்கு முதல் பயணம். 2020இல் நடந்த இணைப்பில் அந்த வங்கி வேறொரு வங்கிக்குள் போய்விட்டது. பலகை மாறியிருந்தது, உள்ளே முகங்களும் மாறியிருந்தன. கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "லோன் நம்பர் இல்லாம எப்படி சார் தேடுறது? பழைய சிஸ்டத்துல இருக்கும், இதுல வராது." பழைய சிஸ்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அது இப்ப இல்ல சார்." மே மாத வெயிலில் பஸ் ஏறித் திரும்பினேன்.

லோன் பாஸ்புக்கை டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எடுத்தது என் மனைவி. "நீங்க தூக்கிப் போடச் சொன்னதுதாங்க" என்று நீட்டினாள். அதற்குப் பதில் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். இரண்டாவது பயணத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி விடுப்பு. மூன்றாவதில் தடையில்லாக் கடிதமும், எச்.பி.யை நீக்கக் கொடுக்க வேண்டிய படிவம் 35 இரண்டு பிரதியும் கைக்கு வந்தன. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, பள்ளிகொண்டா வரும்போது சும்மா புரட்டினேன். இரண்டாவது பிரதியில் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இல்லை.

அங்கேயே இறங்கி எதிர்ப்பக்கப் பஸ்ஸைப் பிடித்தேன். வங்கிக்குள் நுழையும்போது மணி மூன்று ஐம்பது, காவலாளி ஷட்டரில் கை வைத்திருந்தார். முத்திரை குத்த நாலு விநாடி ஆனது. படிவம் 35 வாங்கினால் கவுன்டரை விட்டு நகராமல், இரண்டு பிரதியிலும் கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்துவிட்டு நகருங்கள்.

ஆர்டிஓ ஆபீசில் எச்.பி. நீக்கம் சிக்கலில்லாமல் முடிந்தது. ஆர்சியில் இருந்த பழைய செல் நம்பரை மட்டும் முன்கூட்டியே மாற்ற வேண்டியிருந்தது. ஓடிபி அதற்குத்தான் போகும். ஆர்சியில் இனிஷியலோடும் ஆதாரில் இனிஷியல் இல்லாமலும் பெயர் இருப்பவர்கள் இப்போதே ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். நான் அதற்கும் நோட்டரியிடம் ஓடினேன்.

முடிந்தது என்று நினைத்தால், சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து அனுப்பச் சொன்னது யார்டு. என் வண்டியில் அது என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில். ஐந்து வருஷத்து வேப்பிலை அங்கேதான் போய் மக்கியிருந்தது. தகடு முழுக்கத் துரு. பாய் இலைக்குப்பையை ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுத்து, பழந்துணியில் மண்ணெண்ணெய் நனைத்து பத்து நிமிஷம் ஒற்றி ஒற்றி வைத்தார். உப்புத்தாளை நான் நீட்டினேன். "வேணாம் சார். தேச்சா நம்பரை மாத்தினோம்னு சொல்லிருவாங்க." துணியாலேயே துடைத்தார். துருவுக்குள்ளிருந்து ஓர் எட்டு வந்தது, பிறகு ஒரு மூன்று. மேலே தாளை வைத்து பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்தால் கடைசி இலக்கம் சிக்கவில்லை. நாலாவது தாளில்தான் முழு நம்பரும் வந்தது. அந்தத் தாளை நானே கையில் ஏந்தி வீட்டுக்குள் கொண்டுபோனேன், என்னவோ பிள்ளையின் ஜாதகம் மாதிரி.

வண்டி எடுக்க வந்த பையன்கள் இரண்டு பேர். ஏற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் சாமானைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பின்சீட்டைத் தூக்கினார்கள். அடியில் எலிக்கூடு. பஞ்சு, வேப்பங்கொட்டை, பிளாஸ்டிக் நார், நடுவில் பொடிப்பொடியாகக் காகிதம். ஒரு துண்டில் பாதி வட்டமாக வங்கி முத்திரை. இன்னொன்றில் "35" என்று அச்சு. 2010இல் லோன் முடிந்தபோதே வங்கி எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறது. ஆர்டிஓ ஆபீஸ் பக்கம் போகும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் பாலிதீன் பையில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் செருகியிருக்கிறேன்.

மனைவி எட்டிப் பார்த்து என்ன காகிதம் என்று கேட்டாள். பழைய பில் என்றேன்.

நம்பர் பிளேட்டை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளக் கேட்டேன், தர மாட்டோம் என்றார்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரும் மணி கோத்த சீட் விரிப்பும்தான் மிச்சம். பணம் கணக்கில் ஏறியது, ஒப்படைப்புச் சான்றிதழும் வந்தது. அதைக் காட்டினால் அடுத்த வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. அந்தச் சான்றிதழைக் கேட்டு மச்சான் அதற்குள் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

ஆனால் அத்தோடு விடாதீர்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் உங்கள் நம்பரை அடித்து நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எனக்குப் பதினெட்டு நாள் 'ஆக்டிவ்' என்றே காட்டியது, இரண்டு முறை யார்டுக்குப் போன் போட்டேன். பத்தொன்பதாம் நாள் காலை காப்பி குடித்துக்கொண்டே அடித்துப் பார்த்தேன். ரத்து. ஸ்கிரீன்ஷாட் எடுத்து பாய்க்கு அனுப்பினேன்.