பேர் லவால் காலடியில் நேர்த்திக்கடன்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் அதே வீட்டிலிருந்துதான் செப்டம்பர் 8 இரவு பேர் லவால் (பிரெஞ்சில் பேர் என்றால் பாதிரியார்) கல்லறைக்கும் நடை கிளம்புகிறது. ஆபரேஷன் நல்லபடி முடியணும், பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கணும் என்று ஆத்தா எப்போதோ வேண்டியிருப்பார். நடந்து போய்த் தீர்ப்பது வீட்டில் அடுத்தவர் பொறுப்பு. பேர் லவால் படிப்பால் டாக்டர், பிறகு பாதிரியார். 1841-இல் மொரீஷியஸ் வந்து, விடுதலையான அடிமைகளோடு அவர்கள் மொழியிலேயே பேசிப் பழகி, 1864 செப்டம்பர் 9 அன்று கண்மூடினார். நோய் நொடி என்றதும் நம் ஜனங்களுக்கு அவர் நினைவு வருவதில் ஆச்சரியமே இல்லை.

மேட்டுநில ஊரான கியூர்பிப்பிலிருந்து, அவர் கல்லறை இருக்கும் போர்ட் லூயி சேந்த் குருவா வரை 20 கிலோமீட்டருக்குக் குறையாது. இரவு எட்டுக்குக் கிளம்பினால் நள்ளிரவு தாண்டித்தான் சேரலாம். மேலே குளிரும் தூறலும், கீழே புழுக்கம். அதனால் கனமான ஸ்வெட்டர் வேண்டாம், கழற்றி மடிக்கிற மாதிரி இரண்டு மெல்லிய சட்டை போதும். பாதை பெரும்பாலும் இறக்கம். விரல் நுனி ஷூவில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். இரண்டு நாள் முன்னே நகத்தை வெட்டி, கணுக்காலோடு ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். காவடி நடைபோல் இதை வெறுங்காலில் நடக்கத் தேவையில்லை.

வாசலை நெருங்கினால் மெழுகுவர்த்திக்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். "இதுதான் பலிக்கும் மெழுகு" என்று இரட்டை விலை சொல்வதைக் கேட்டால் மனசு நோகிறது. ஊரிலிருந்தே தடித்த வெள்ளை மெழுகுவர்த்தி கொண்டுபோங்கள். ஒல்லியானது பக்கத்துச் சுடர்களின் சூட்டில் வளைந்து, அடுத்தவர் மெழுகையும் சாய்த்துவிடும். முதலில் அடியைச் சுடரில் காட்டி உருக்கி, அழுத்தி நிறுத்திவிட்டுத் திரியை ஏற்றினால் காற்றுக்கும் அசையாது. தேங்காய், கற்பூரம் வேண்டாம். அது அவர் வீட்டு முறை இல்லை.

கல்லறைக்கு முன்னால் கிடைப்பது சில நொடிதான். படுத்த கோலத்தில் அவர் உருவம். பக்கத்தில் ஜெபமாலை சுற்றிய கிழட்டுக் கை, முக்காடிட்ட பெண்ணின் கை, திருநீறு நெற்றியோடு குனியும் நம் அக்காவின் வளையல் கை, எல்லாம் அதே கல்லின் மேல். கைக்குட்டையால் கல்லைத் துடைத்துப் பிள்ளையின் தலையில் வைக்கிறார்கள். மனப்பாடம் செய்துபோன வேண்டுதல் அங்கே தொலைந்துபோகும். "ஐயா, பிழைக்க வச்சீங்களே" என்பதுதான் வாயில் வரும். அது போதும், அதுவே போதும். பின்னால் தள்ளினாலும் கோபப்படாதீர்கள், அவர்களும் ராத்திரி முழுக்க நடந்தவர்கள்.

ஒரு தவறு வருஷா வருஷம் நடக்கிறது. தேவாலயத் திருப்பலிப் பூசையில் அப்பம் கொடுக்க வரிசை நின்றதும், பிரசாதம் என்று நினைத்து நம்மவர்களும் கை நீட்டிவிடுகிறார்கள். ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கருக்கு அது கிறிஸ்துவின் உடல். மற்றவர் வாங்கக் கூடாது. வரிசையில் வந்துவிட்டால் இரு கைகளையும் மார்பில் குறுக்கே வையுங்கள், குருவானவர் ஆசீர்வதித்து அனுப்புவார். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறவர்கள், காவடி எடுக்கும் கிரியோல் (ஆப்பிரிக்க வம்சாவளி) கத்தோலிக்க அண்டைவீட்டாரைப் பார்க்கட்டும். பத்து நாள் அசைவம் தொடாமல் நம் முறையை அப்படியே காக்கிறார்கள். அந்த மரியாதையை அவர்களுக்கு நாம் திருப்பித் தர வேண்டாமா?

விடிந்ததும் நேரே பஸ் ஏறிவிடாதீர்கள். பக்கத்திலேயே கைலாசம் என்று நாம் சொல்லும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனால் தாய் காத்திருக்கிறாள். விரலில் ஒட்டிய மெழுகு அவ்வளவு சுலபத்தில் போகாது. அந்தக் கையிலேயே திருநீறு வாங்கிக்கொள்ளலாம்.