சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தூங்குகிறார்

எங்கள் வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கிறது. மனை 30-க்கு 40. வீடு போக, பின்னால் எட்டடி அகலத்தில் நீளமாக ஒரு துண்டு இடம் மிஞ்சும். அதில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துணி துவைக்கும் கல். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்தான். அந்த இடத்தில் கோழி வளர்க்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது நான்கு பெட்டைகள் இருக்கின்றன, யாருக்கும் மனக்கசப்பு இல்லை. முதல் எட்டு மாதம் அப்படி இல்லை. நெருக்கமான தெருவில் கோழி வளர்க்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு கிராமம். கோழி இல்லாத வீடு அங்கே கிடையாது. கல்யாணமாகி டவுனுக்கு வந்து, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்த பிறகு, பின்கட்டில் நாலு கோழி நடமாடினால் நன்றாக இருக்குமே என்ற ஆசை பல வருடம் மனதில் கிடந்தது. ஒரு தை மாதம், ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போய் ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி வந்தோம். சேவல் வேண்டாம் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கோழி என்றால் ஒரு சேவலும் இருக்கும், அவ்வளவுதான்.

முதல் நாள் விடியற்காலை மூன்றே முக்காலுக்குக் கூவியது. ஊரில் அந்தச் சத்தம் காட்டில் கரைந்துவிடும். இங்கே இரண்டு சிமெண்ட் சுவருக்கு நடுவில் அடிபட்டு, தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் பிரசவத்துக்காக வந்திருந்த மகள், கையில் இருபது நாள் குழந்தை. மூன்றாம் நாள் அந்த அம்மா வாசலில் நின்று, "குழந்தை இப்பத்தான் கண் அசருதும்மா, உன் சேவல் எழுப்பிவிட்டுடுது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இருட்டில் வைத்தால் கூவாது என்று நாலு பேர் சொன்னார்கள். மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேலே இரண்டு சாக்கு, அதற்கு மேல் பழைய ஜமுக்காளம். அதற்குள்ளிருந்தும் அதே மூன்றே முக்காலுக்குக் கூவியது. நாலாம் நாள் திறந்து பார்த்தால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. அதோடு மூடுவதை விட்டுவிட்டேன். பிறகு மகள் போனில் ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-இல் சேவல்களை மங்கலான ஒரே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். விடியல் என்று எதுவும் தெரியாவிட்டாலும், விடியும் நேரத்துக்கு முன்பே அவை கூவியிருக்கின்றன. நேரம் அவற்றின் உடம்புக்குள்ளேயே ஓடுகிறதாம். அப்புறம் ஜமுக்காளம் என்ன செய்யும்? சேவலை அண்ணன் வீட்டுக்கு, ஊருக்கே அனுப்பிவிட்டோம்.

"சேவல் இல்லாம முட்டை எப்படி வரும்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். இன்னும் பலர் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். முட்டை இடுவதற்குச் சேவல் வேண்டியதில்லை, குஞ்சு வேண்டுமென்றால்தான் வேண்டும். கடையில் வாங்கும் நாமக்கல் முட்டை எல்லாம் சேவல் முகமே பார்க்காத கோழிகள் இட்டவைதான். எங்கள் கோழிகளும் நிறுத்தாமல் இட்டன.

சேவல் போனதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து, இடது பக்க வீட்டுத் தங்கச்சி சுவர் ஓரமாக வந்து நின்றாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். ஏழு மணிக்கு வந்து படுக்கிறார். பத்து மணிக்குக் கோழி கத்த ஆரம்பிச்சா அப்புறம் தூக்கமே வரமாட்டேங்குதுங்கிறார்."

அவள் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் இரவு. நான் கூண்டை வைத்திருந்தது அவர்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தலை, இந்தப் பக்கம் என் கோழி. கூண்டு வைக்கும்போது நிழலைப் பார்த்தேன், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்தேன், மறுபக்கம் யார் படுக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை.

பெட்டைக்கோழி சத்தம் போடாது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முட்டை இட்டதும் எழுந்து நின்று கொக்கரிக்கும். சில நாள் இரண்டு நிமிடத்தில் நிற்கும், சில நாள் பத்து நிமிடம் போகும். ஒன்று ஆரம்பித்தால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். அதுவும் தினமும் ஒரே நேரத்தில் இல்லை. ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும் ஒரு நாளைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆவதால், இன்று ஒன்பதுக்கு இட்டது நாளை பத்துக்கு இடும், இப்படித் தள்ளிக்கொண்டே போய் ஒரு நாள் விடுமுறை எடுக்கும்.

அதை நிறுத்த நான் முதலில் செய்தது தப்பு. கோழி கத்த ஆரம்பித்தால் மெஷினை விட்டு எழுந்து ஓடி, ஒரு கைப்பிடி கம்பு தானியம் வீசுவேன். உடனே அடங்கிவிடும். நல்ல வழி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பத்து நாளில் பார்த்தால் முட்டை இடாத கோழிகூட வலைக் கம்பி ஓரம் நின்று, என் ஜன்னலைப் பார்த்துக் கத்துகிறது. கத்தினால் கம்பு வரும் என்று நானேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை மாற்ற மூன்று வாரம் பிடித்தது. இப்போது கம்பு தினமும் ஒரே நேரத்தில்தான்: காலை கூண்டு திறந்ததும் ஒரு முறை, சாயங்காலம் நாலரைக்கு ஒரு முறை. நடுவில் எவ்வளவு கத்தினாலும் நான் ஜன்னல் பக்கம் தலையைக்கூடக் காட்டுவதில்லை.

அதன் பிறகு மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, எந்தக் கோழி எப்போது கத்துகிறது, அப்போது என்ன நடக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். இரண்டு வாரம் எழுதினேன். எனக்கு எல்லாவற்றையும்விட உதவியது அந்த நோட்டுதான்.

முட்டை இட்ட பிறகு வரும் சத்தத்தைவிட, இடுவதற்கு முன் வரும் சத்தம்தான் அதிகம் என்று அதில் தெரிந்தது. முட்டைக்குக் கேறுகிறது என்று அம்மா சொல்வாரே, அது. ஐந்து கோழிக்கு நான் இரண்டு கூடை வைத்திருந்தேன். கணக்குக்கு அது போதும், நாலைந்து கோழிக்கு ஒரு கூடையே போதும் என்பார்கள். ஆனால் ஐந்தும் ஒரே கூடையில்தான் இடும். ஒரு நாள் சாம்பல் நிறப் பெட்டை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. செவலைப் பெட்டை வெளியே வந்து நிற்கிறது. கழுத்தை நீட்டி உள்ளே பார்க்கிறது, இரண்டடி பின்னால் போகிறது, திரும்பி வருகிறது, ஒரு காலைத் தூக்கிக் கூடை விளிம்பில் வைத்து எடுக்கிறது. பிறகு நீளமாக, இழுத்து, ஒரு கத்தல். பக்கத்திலேயே இன்னொரு கூடை காலியாக இருக்கிறது, அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் இப்படியே நின்று கத்தியது.

காலியாக இருந்த கூடை வெளிச்சத்தில் இருந்தது, மற்றது மூலையில் இருட்டாக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ராயக்கோட்டை மண்டியிலிருந்து தக்காளி வரும் பழைய பிளாஸ்டிக் கிரேட் மூன்று வாங்கி, மூன்றையும் ஒரே மாதிரி பக்கவாட்டில் படுக்கவைத்து, முன்னால் பாதிக்குச் சாக்குத் துண்டு தொங்கவிட்டு, உள்ளே வைக்கோல் போட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய முட்டை ஓட்டில் சுண்ணாம்பு அடைத்து வைத்தேன். அதைப் பார்த்தால் இங்கேயும் ஒன்று இட்டிருக்கிறது என்று நம்பி உட்காரும். பத்து நாளில் மூன்றிலும் முட்டை வந்தது, வாசலில் நின்று கத்துவது நின்றது.

முட்டை இட்ட பிறகு கத்துவது, கூட்டத்தை விட்டுத் தனியாக இருக்கும்போதுதான் நீளுகிறது என்பதும் நோட்டில் தெரிந்தது. மற்ற கோழிகள் கண்ணில் பட்டால் நாலு தடவை கொக்கரித்துவிட்டுப் போய் மேய ஆரம்பித்துவிடும். அதனால் கிரேட்களைத் தனி மூலையிலிருந்து எடுத்து, கோழிகள் உலாவும் வலைக்குள்ளேயே வைத்தேன்.

கூண்டையும் மாற்றினோம். இடதுபக்கச் சுவரிலிருந்து எடுத்து, எங்கள் சமையலறையின் வெளிச்சுவரை ஒட்டி வைத்தோம். அந்தப் பக்கம் தூங்க யாரும் இல்லை, இருப்பது எங்கள் அடுப்பு. தகரக் கூரை சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிறது என்று தோன்றியதால், தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தோம். சித்திரை வெயிலுக்கும் அது நல்லதாகப் போயிற்று. கிழக்குப் பக்கம் ஒரு சாக்கு, மேலே காற்றுக்கு ஒரு சாண் விட்டு. விடிந்ததும் உள்ளே வெளிச்சம் விழாததால், நான் ஆறரைக்குத் திறக்கும் வரை பெட்டைகள் அமைதியாக இருக்கின்றன. சேவலுக்குப் பலிக்காத இருட்டு பெட்டைகளுக்குப் பலித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கோழி அடங்கவில்லை. அசில் என்ற சண்டைக்கோழி இனத்தின் கலப்பு, கால் உயரம், கறுப்பு. மற்றவற்றைத் துரத்திக்கொண்டே இருக்கும், துரத்தும்போதெல்லாம் மற்ற நாலும் அலறும். அதையும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். அனுப்பும்போது எனக்கு அழுகையே வந்தது, தினமும் முதலில் கைக்கு வந்து கொத்தும் கோழி அது. போன அன்றே கூட்டம் அடங்கியது. இனத்தைப் பொறுத்து அமைதி என்பார்கள். பிறகு நான் வாங்கிய கிராமப்பிரியா, ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது, சாந்தமாகத்தான் இருக்கிறது, முட்டையும் நாட்டுக்கோழியைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அதே கூட்டத்தில் இருக்கும் என் சாம்பல் நாட்டுப்பெட்டை அதைவிடவும் சாந்தம். இனத்தைவிட ஒவ்வொரு கோழியின் சுபாவம்தான் பெரிது என்பது என் எண்ணம்.

சத்தம் அடங்கிய பிறகு, ஐப்பசி மழையில் வாடை கிளம்பியது. தரையில் போட்டிருந்த கடலைத்தோல் நனைந்து, மூக்கில் ஏறும் நெடி. ஈரம்தான் காரணம், காய்ந்த எச்சம் அவ்வளவாக நாறாது. நான் அவசரப்பட்டு ஈரத்தின் மேலேயே சுண்ணாம்பைத் தூவினேன், நெடி இரண்டு மடங்கானது, கண் எரிந்தது. நனைந்ததை முழுக்க வாரி வெளியே எடுத்து, தரை காய்ந்த பிறகு தேங்காய் நார்த்தூளும் கடலைத்தோலும் நாலு விரல் கனத்துக்குப் போட்டேன். இரண்டு நாளைக்கு ஒரு முறை குச்சியால் கிளறிவிடுகிறேன். வாரி எடுத்ததை மூடிவைத்து மக்கவிட்டு முருங்கைக்குப் போடுகிறேன். மிஞ்சின தீனியை சாயங்காலமே எடுத்து டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். எலி வந்தால் அது நம் வீட்டோடு நிற்காது.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியையும் விடக் கூடாது. அரசு கால்நடை மருந்தகத்தில் போடுகிறார்கள். சந்தையில் வாங்கிய கோழியைக் கூட்டத்தில் சேர்க்கும் முன் இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பியின் ஷிஃப்ட் இப்போது என் காலண்டரிலும் இருக்கிறது. மாதம் பிறந்ததும் தங்கச்சி சொல்வாள், நான் இரவு வாரங்களைச் சிவப்பில் சுழிப்பேன். அந்த வாரங்களில் கூண்டைக் கழுவுவது, கோழி பிடிப்பது, புதுக்கோழி சேர்ப்பது எதையும் காலையில் வைத்துக்கொள்வதில்லை, எல்லாம் மூன்று மணிக்கு மேல்தான். எதிர்வீட்டு அம்மாவின் பேத்திக்கு இப்போது மூன்று வயது. பாட்டி வீட்டுக்கு வந்தால் முதலில் ஓடி வருவது எங்கள் பின்கட்டுக்குத்தான்.

சாம்பல் பெட்டை போன வாரம் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. எங்கள் முட்டையில் கரு இல்லாததால் அண்ணன் வீட்டிலிருந்து ஒன்பது முட்டை வரவழைத்து, திங்கட்கிழமை வைத்திருக்கிறேன். 21 நாள். பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும், மூன்று மாதத்திலேயே சில கூவப் பழக ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் வந்து எடுத்துக்கொண்டு போவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதியையும் காலண்டரில், சிவப்புச் சுழிக்குப் பக்கத்தில் குறித்துவிட்டேன்.